திருடுபோன நேரம்

சிவகாசிப் பக்கம் தீபாவளி ஆடி மாதமே தொடங்கிவிடும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, புது ரகங்களை அடுக்கி, கடைக்காரர்கள் விற்பனையைத் தொடங்குவார்கள். எம். புதுப்பட்டிக்குப் போகிற சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அன்றைக்கு மாடியிலும் ஒரு பூஜை நடக்கும். மாடியில் பட்டாசு கிடையாது. எட்டு மேசை, எட்டு ஹெட்செட், மூலையில் ஒரு சின்ன அறை, அதற்குள் கறுப்பாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு.

பட்டாசுக் கடைக்கு எதற்கு எட்டு ஹெட்செட் என்று கேட்டால், பதில் டெல்லியில் இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இணையதளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது என்றது. (சரவெடிக்குத் தடை வந்ததும் அதே தீர்ப்பில்தான்.) அதன்பிறகு இந்த வட்டார இணையதளங்களைத் திறந்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே அறிவிப்பு கண்ணில் படும்: வேண்டியதைக் குறித்து விசாரணையாக அனுப்புங்கள், 24 மணி நேரத்துக்குள் நாங்களே கூப்பிட்டு உறுதி செய்கிறோம். ஆக, விலைப்பட்டியல் இணையத்தில், வியாபாரம் வாயில். புரட்டாசியில் இங்கே போன் படுத்துவிட்டால், குடோன் ஷட்டரை இறக்கியதும் அதுவும் ஒன்றுதான்.

மாடியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் தொலைபேசி என்று எதுவும் இல்லை. முன்பெல்லாம் சுவரில் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி ஒன்று தொங்கும், அதிலிருந்து கொத்துக் கொத்தாக ஒயர் இறங்கும். இப்போது அந்த வேலையை ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் செய்கிறது. அதுவும் தனிக் கணினியில் இல்லை. ஒரே பெட்டியில் மூன்று கணினிகள் இருப்பதுபோல நடிக்க வைத்து, அவற்றில் ஒன்றைத் தொலைபேசிக்கு ஒதுக்கியிருந்தோம். இந்த மாதிரி நடிக்கும் கணினியைத்தான் மெய்நிகர் எந்திரம் என்கிறார்கள். எங்கள் தொழிலில் வி.எம்.

போன சீசனில் ஒரு நாள் மூன்றாம் மேசைப் பெண் கூப்பிட்டார்.

“அண்ணே, நாலு மணி ஆச்சுன்னா லைனுக்குத் தொண்டை கட்டிக்கிருதுண்ணே. எம்பதுங்கிறாங்களா அம்பதுங்கிறாங்களான்னே தெரியல. நேத்து ஓசூருக்கு மத்தாப்பு முப்பது பெட்டி குறைச்சுப் போயிருச்சு.”

இந்தப் புகாரைக் கேட்ட பிறகுதான் தமிழ் எண்களைக் காது கொடுத்துக் கவனித்தேன். இருவது, முப்பது, நாப்பது, அம்பது, அறுவது, எழுவது, எம்பது. எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான், விஷயம் முழுக்கத் தலையில் இருக்கிறது. அதிலும் அம்பது, எம்பது, ஒம்பது மூன்றும் பேச்சில் ஒரே ஓர் உயிரெழுத்தில்தான் வேறுபடுகின்றன. இலக்கணம் குறிலுக்கு ஒரு மாத்திரை, அதாவது கண்ணிமைக்கும் பொழுது, என்று அளந்து வைத்திருக்கிறது. வேகமாகப் பேசும்போது ஒரு குறில் 100 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். அந்தத் துணுக்கு விழுந்தால் போதும், மிச்சம் இருப்பது ‘ம்பது’. ஓசூர்க்காரர் சொன்னது எம்பது, இந்தப் பெண் எழுதியது அம்பது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

சரி, அந்தத் துணுக்கு எங்கே விழுந்தது?

குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதுவது ஜி.711 என்ற முறை. 1972இல் உலகத் தரமானது, இன்றும் ஓடுகிறது. இணையத்தில் அனுப்பும்போது 20 மில்லி வினாடிக் குரலை ஒரு பொட்டலமாகக் கட்டுவார்கள். (பாக்கெட் என்றுதான் எழுத வேண்டும், பட்டாசுக் கடையில் அதற்கு வேறு அர்த்தம் என்பதால் பொட்டலம்.) ஒரு பொட்டலத்தில் 160 பைட் குரல், மேலே விலாசம் முதலியவை எழுத இன்னொரு 40 பைட். வினாடிக்கு 50 பொட்டலம். கணக்குப் போட்டால் ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் 80 கிலோபிட் வருகிறது. எட்டுப் பெண்களும் சேர்ந்து பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. கீழே கல்லாவில் ஒருவர் யூடியூபில் பாட்டுப் பார்த்தால் இதைவிட அதிகம் இழுக்கும்.

ஆகவே பாரம் ஒரு பொருட்டே இல்லை, இடைவெளிதான் எல்லாம். சரம் பின்னிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வெடி ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்து, மருந்து சரியாக இருந்தாலும், திரியில் கோத்த இடைவெளி சீராக இல்லாவிட்டால் சரம் திக்கித் திக்கித்தான் வெடிக்கும்.

அழைப்பை ஏற்படுத்துவது ஒரு நெறிமுறை, குரலைச் சுமப்பது வேறொரு நெறிமுறை. ‘உன்னோடு பேச வேண்டும்’, ‘மணி அடிக்கிறது’, ‘எடுத்துவிட்டேன்’, ‘வைத்துவிட்டேன்’ ஆகிய பேச்சுவார்த்தை எல்லாம் சிப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எஸ்.ஐ.பி. வழியே நடக்கும். அது 1999இல் வெளிவந்து, 2002இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. குரல் பொட்டலங்கள் ஆர்.டி.பி. என்ற வேறொரு வழியே போகும். அது 1996இலேயே தரமாக வெளியானது. ஆர்.டி.பி.யில், தொலைந்த பொட்டலத்தைத் திருப்பி அனுப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு, அது வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். மின்னஞ்சல் இரண்டு வினாடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. குரலில் தாமதமானதும் தொலைந்ததும் ஒன்றே.

வந்து சேரும் பக்கத்தில் ஒரு சின்னக் காத்திருப்பு அறை இருக்கும். பெயர் ஜிட்டர் பஃபர். முன்பின்னாக வரும் பொட்டலங்களைக் கொஞ்ச நேரம், சாதாரணமாக 60 மில்லி வினாடிபோல, நிறுத்தி வைத்து வரிசைப்படுத்தி, சீராக ஒலிபெருக்கிக்கு விடும். அதற்கும் பிந்தி வருகிற பொட்டலம், பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியை விட்டுக் கிளம்பிய பிறகு நடைமேடைக்கு ஓடிவந்தவர் மாதிரிதான். கையில் டிக்கெட் இருக்கிறது, ஆளும் வந்துவிட்டார், வண்டியில் மட்டும் இல்லை. காலி இடத்தை, முந்தைய ஒலியை இழுத்து நிரப்பி ஒப்பேற்ற ஓர் உத்தி இருக்கிறது. அதுவும் 60 மில்லி வினாடிக்கு மேல் தாங்காது, பிறகு மௌனம்.

லைன் விட்டுவிட்டுக் கேட்டால் எல்லோரும் முதலில் திட்டுவது ஃபைபர்காரரைத்தான். நானும் திட்டினேன். அவர் வந்து பார்த்தார். ஒரு பொட்டலம்கூடத் தொலையவில்லை. எல்லாம் வந்து சேர்கின்றன. கொத்தாக வருகின்றன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு நாலைந்து ஒன்றாக விழுகின்றன. அப்படியானால் வழியில் யாரோ பிடித்து வைத்து விடுகிறார்கள். வழியில் இருந்தது நம் பெட்டி மட்டுமே.

ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் யோசனை புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே செய்துபார்த்து, 1972இல் வி.எம்./370 என்று தயாரிப்பாகவே வெளியிட்டது. நம் மேசை அளவுப் பெட்டிகளுக்கு அது வசதியாக வந்தது 2000க்குப் பிறகு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸென் 2003இல் வந்தது, கே.வி.எம். 2007இல் லினக்ஸுக்குள்ளேயே குடியேறியது. இதையெல்லாம் ஆட்டிவைக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். பட்டாசு ஆலையில் ஒரே பெரிய கட்டடமாகக் கட்டாமல் சின்னச் சின்ன அறைகளாகத் தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்களே, பயனும் ஏறக்குறைய அதுதான்: ஓர் அறையில் ஏதாவது ஆனால் பக்கத்து அறை தப்பிக்க வேண்டும். உயிர் போகிற விஷயத்தோடு இதை ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் இரண்டிலும் கெடுதல் தொடங்குகிற இடம் ஒன்றே, ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கை மீறுகிற இடம்.

ஒரு வீட்டை மூன்று போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விடுவதை நினைத்துப் பாருங்கள். அறைகளைப் பிரிக்கலாம், அடுப்படியைப் பிரிக்கலாம். நினைவகமும் வட்டும் அப்படிப் பிரியும். ஒரு குடித்தனத்துக்குக் கொடுத்தது அவர்களுக்கே. பிராசசர் குளியலறை மாதிரி. முறைவைத்துத்தான் போக வேண்டும். கணக்கு மென்பொருள், இணையதளம் எல்லாம் எப்போது குளித்தாலும் சரி என்கிற ஆட்கள். தொலைபேசி மட்டும் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். பஸ்ஸோ 20 மில்லி வினாடிக்கு ஒன்று வருகிறது. ஸென் பல காலம் பயன்படுத்திய முறையில், ஒருவர் உள்ளே போனால் இயல்பாக 30 மில்லி வினாடி வரை இருக்கலாம். முன்னால் இரண்டு பேர் நின்றால் 60. மூன்று பஸ் போயாயிற்று.

இதில் விசித்திரம், காத்திருக்கும் எந்திரத்துக்குத் தான் காத்திருப்பதே தெரியாது. வரிசையில் நிற்பது அதற்கு நிற்பதாகத் தோன்றாது, நடுவில் மயக்க ஊசி போட்டு எழுப்பியதுபோல இருக்கும். கண் விழித்தால் வாசலில் பொட்டலங்கள் குவிந்து கிடக்கும். அவசர அவசரமாக எல்லாவற்றையும் அள்ளி அனுப்பும். ஃபைபர்காரர் பார்த்த கொத்து அதுதான்.

தெரியாது என்று சொன்னேனே, முழுக்க அப்படியும் இல்லை. ஹைப்பர்வைசர் நாணயமானதாக இருந்தால், ‘உனக்கு வேலை இருந்தும் இவ்வளவு நேரம் உன்னை ஓட விடவில்லை’ என்று கணக்குக் கொடுக்கும். லினக்ஸில் டாப் என்று அடித்தால் வரும் பட்டியலில், பிராசசர் வரியின் கடைசியில் எஸ்.டி. என்று இரண்டெழுத்து இருக்கும். ஸ்டீல் டைம். திருடுபோன நேரம். வெள்ளைக்காரர்கள் தொழில்நுட்பத்துக்கு வைத்த பெயர்களில் இவ்வளவு நேரடியான பெயர் எனக்கு வேறு நினைவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அது 0.3 சதவீதம் காட்டியது. மாடியிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நாலு பத்துக்கு 9 ஆயிற்று. நாலே காலுக்கு 22.

கீழே எட்டிப் பார்த்தால், குடோன் வாசலில் லாரி நின்றது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடை முதலாளி நம்பவில்லை. “லாரியில லோடு ஏத்துனா போன்ல பேச்சு நிக்குமா தம்பி? நீ மெக்கானிக்கா, மந்திரவாதியா?”

“மந்திரமெல்லாம் இல்ல அண்ணாச்சி. கேமராதான்.”

குடோனைச் சுற்றிப் பன்னிரண்டு கேமரா. அவற்றின் படங்களைப் பதிவு செய்யும் மென்பொருள் இதே பெட்டியில் இன்னொரு வி.எம்.மில் இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாதபோது அது சும்மா கிடக்கும். நாலு மணிக்கு லாரி வந்து, பத்துப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தால், ஒவ்வொரு அசைவையும் ஆராயத் தொடங்கி பிராசசரைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியின் பிராசசரில் இருந்தது நாலு கோர், நம் கணக்கில் நாலு குளியலறை. கேமராவுக்கு நாலு, கணக்கு மென்பொருளுக்கு நாலு, தொலைபேசிக்கு இரண்டு என்று பத்து கோர் பங்கு போட்டுக் கொடுத்திருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் போட்ட கணக்கு. சீட்டுக் கம்பெனிகள் கவிழ்வதும் இதே தைரியத்தில்தான். போட்டவன் வேறு யாருமில்லை, நான்.

இன்னும் வெட்கமான விஷயம், முதல் நாள் நான் செய்த வைத்தியம். தொலைபேசிக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்து இரண்டை நாலாக உயர்த்தினேன். நிலைமை கொஞ்சமும் தேறவில்லை. பெட்டியில் பங்கு பத்திலிருந்து பன்னிரண்டானதுதான் மிச்சம். குளியலறை கூடவில்லை, வரிசையில் ஆள் கூடியது.

கடிகாரத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் இருக்கிற பழைய தகராறு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஆஸ்டரிஸ்கை எழுதத் தொடங்கியவர் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர். 1999இல் தன் சின்ன கம்பெனிக்குத் தொலைபேசி இணைப்பகம் வாங்க வேண்டும், விலை கட்டுப்படியாகவில்லை, தானே எழுதிவிட்டார். (சிவகாசிக்காரர்களுக்கு உடனே பிடித்துப்போகும் ஆள்.) அந்தக் காலத்தில் தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருக ஓர் அட்டை வேண்டும். ஜிம் டிக்சன் என்பவர் தொடங்கிய ஸபாட்டா என்ற முயற்சியிலிருந்து அந்த அட்டைகளும், அவற்றை ஓட்டும் ஸாப்டெல் மென்பொருளும் வந்தன. அட்டையில் சொந்தமாக ஒரு படிகக் கடிகாரம் இருக்கும். நாலு பேர் கூடிப் பேசும் மாநாட்டு அழைப்பில் எல்லோர் குரலையும் ஒரே தாளத்தில் கலக்க, ஆஸ்டரிஸ்க் அந்தக் கடிகாரத்தையே நம்பியிருந்தது. மிருதங்கக்காரர் மாதிரி அது தட்டிக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் அதன்மேல் ஏறிப் பாடுவார்கள்.

பிறகு இணையம் வழியாகவே அழைப்புகள் வரத் தொடங்கின. அட்டை தேவையில்லை. அட்டை போனதும் தாளம் போயிற்று. என்ன செய்தார்கள் தெரியுமா? யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சில்லு எப்படியும் மில்லி வினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது அல்லவா, மவுஸையும் கீபோர்டையும் கவனிக்க இருந்த அந்தத் துடிப்பைக் கடன் வாங்கித் தொலைபேசிக்குத் தாளம் போட்டார்கள். இஸட்.டி.டம்மி என்று அந்த நிரலுக்குப் பெயர். நிஜக் கணினியில் அது ஒருவாறு ஓடியது. வி.எம்.முக்குள் யூ.எஸ்.பி.யே நடிப்பு, அதன் துடிப்பும் நடிப்பு. மாநாட்டு அழைப்பில் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். ‘தொலைபேசி சர்வரை ஒருக்காலும் வி.எம்.மில் போடாதே’ என்ற பழைய தொழில் எச்சரிக்கை அந்த நாள்களில் பிறந்தது. 2008இல் லினக்ஸின் 2.6.25 பதிப்பில் டைமர் எஃப்.டி. என்ற வசதி இன்றைய வடிவத்தில் நிலைபெற்று, ஆஸ்டரிஸ்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, அட்டையும் வேண்டாம், யூ.எஸ்.பி.யிடம் கடனும் வேண்டாம் என்றாயிற்று. ஆனாலும் எச்சரிக்கை மட்டும் இன்றைக்கும் வாய்வழியாக உலவுகிறது. அது பாதி சரி. கடிகாரம் சரியாகிவிட்டது; கடிகாரத்தைப் பார்க்க முறை வர வேண்டுமே, அந்தப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

எங்கள் பெட்டிக்குச் செய்த வைத்தியம் சின்னதுதான். நாலு கோரில் ஒன்றைத் தொலைபேசிக்கே பூட்டிவைத்தோம். மற்ற யாரும் அதைத் தொட முடியாது. தொலைபேசி வி.எம்.மின் பங்கையும் ஒன்றாகக் குறைத்தோம். எட்டுப் பேர் பேச அதுவே தாராளம். எட்டு அழைப்புக்கும் இரு திசையிலும் சேர்த்து வினாடிக்கு 800 பொட்டலங்களை வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கேமராவின் பங்கை இரண்டோடு நிறுத்தி, கணக்கு மென்பொருளின் நகலெடுப்பை ராத்திரிக்குத் தள்ளினோம். அழைப்புகளைப் பதிவு செய்கிற வேலையும் பகலில் தற்காலிகமாக நினைவகத்திலேயே நடக்கும், கடை சாத்திய பிறகு வட்டுக்குப் போகும். மறுநாள் நாலு மணிக்கு லாரி வந்தது. எஸ்.டி. அசையவில்லை.

‘இதையெல்லாம் கிளவுடில் போட்டால் என்ன’ என்று அண்ணாச்சியின் மகன் கேட்டார். போடலாம். தூரம் பெரிய தடையில்லை. கண்ணாடி இழையில் ஒளி மில்லி வினாடிக்கு 200 கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கு நேர்வழியில் ஏறக்குறைய இரண்டரை மில்லி வினாடி, மும்பைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். சென்னையிலேயே மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் மையத்தை 2015இல் திறந்துவிட்டது. ஒரு வாயிலிருந்து மறு காதுக்கு 150 மில்லி வினாடிக்குள் போனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. விலை மலிவு என்று அமெரிக்காவில் வி.எம். எடுத்தால்தான் அந்த வரம்பை முட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீங்க சொல்லுங்க’ ‘இல்ல நீங்க சொல்லுங்க’ என்று நேரம் போகும்.

கிளவுடில் தொல்லை வேறு. அங்கே பக்கத்துப் போர்ஷனில் யார் என்றே தெரியாது; முறைவைத்துக் கிடைக்கும் மலிவு எந்திரத்தை விட்டு, கோரைத் தனக்கே ஒதுக்கும் வகையைக் காசு கொடுத்து எடுக்க வேண்டும். இன்னொன்று ஒற்றைக் குரல் நோய்: நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்கு வராது. கிளவுடில் உள்ள வி.எம்.முக்கு உள்விலாசம் ஒன்று, வெளிவிலாசம் ஒன்று. ‘குரலை இந்த விலாசத்துக்கு அனுப்பு’ என்று சிப் கடிதத்துக்குள் எழுதும்போது, உள்விலாசத்தை எழுதிவிடும். கடிதத்தில் ‘மாடி அறை’ என்று மட்டும் விலாசம் கொடுத்தால் தபால்காரர் எந்த மாடிக்குப் போவார்? வெளிவிலாசத்தை ஆஸ்டரிஸ்கிடம் சொல்லி, குரலுக்கு 10,000 முதல் 20,000 வரை எண்ணிட்ட வாசல்களை, அதாவது போர்ட்களை, திறந்துவிட்டால் சரியாகும். ஆனால் சிப்பின் வாசலான 5060ஐ ஊருக்கே திறந்து வைத்தால், நிமிஷக் கணக்கில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ நிரல்கள் வந்து 100, 101, 1000 என்று எண்ணும் கடவுச்சொல்லும் மாற்றி மாற்றித் தட்ட ஆரம்பிக்கும். உள்ளே புகுந்தால் நம் கணக்கில் வெளிநாட்டுக்கு விடிய விடியப் பேசிவிட்டுப் போவார்கள். தெரிந்த விலாசங்களுக்கு மட்டும் கதவைத் திற என்பதே இதற்குப் பூட்டு.

சட்டமும் உண்டு. இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில் வரம்போடு அனுமதி கிடைத்தது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதைச் சாதாரண எண்களோடு இணைக்க வழி திறந்தது 2018இல். எண்ணை அப்படிப்பட்ட நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். ஒரு பெட்டி நிறைய சிம் கார்டைச் செருகி அழைப்பைத் திருப்பிவிட்டுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது வந்து சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவது நல்லது. சிம்பாக்ஸ் வழக்கு ஜாமீன் வாங்கக்கூட அலைய வைக்கும்.

அண்ணாச்சி கிளவுடுக்குப் போகவில்லை. பெட்டி கண்முன் இருக்க வேண்டும் என்கிறார். போன வாரம் வேறு வேலையாக மாடிக்குப் போயிருந்தேன். கீழே லோடு ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் மேசைப் பெண் யாரிடமோ பத்து சென்டிமீட்டர் கம்பி மத்தாப்புக்கு ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தார். குரல் கணீரென்று இருந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே ஹெட்செட்டிலிருந்து ‘எம்பது’ என்று தெளிவாகக் கேட்டது.

“எட்டு, சைபர்தானேண்ணே?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.